பாம்பும் உலக்கையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



இலக்கிய அவையில் கிரகணத்திற்கு என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். வேலை இருக்கிறது. திருக்குறளின் காமத்துப்பாலில் அலரறிவுறுத்தல் என்றோர் அதிகாரம் உண்டு. தலைவனைத் தான் கண்டது ஒரே ஒரு நாள்தான் என்றும், ஊரார் பேச்சோ நிலவைப் பாம்பு பற்றிய செய்திபோல் எங்கும் பரவிவிட்டது என்றும் தலைவி வருந்துவதாக அங்கே ஒரு குறள் அமைந்துள்ளது. உரையாசிரியர்கள் இதில் அலரின் விரைவை விளக்கிச் செல்வர். உவமையின் மறுபக்கமும் எண்ணத்தக்கது. நிலவைப் பாம்பு பற்றினால் ஊரே அதைப் பேசும் என்பது வள்ளுவர் காலத்தில் விளக்கம் வேண்டாத செய்தியாக இருந்திருக்கிறது. வானத்தில் நிகழ்வது சில நாழிகை. அதைப் பற்றிய பேச்சோ நெடுநாள் நிற்கும். கிரகணத்தையும் வதந்தியையும் ஒரே குறளில் அருகருகே வைத்த புலவர், பின்வந்த நூற்றாண்டுகளை முன்கூட்டியே கண்டவர்போல் தோன்றுகிறார்.

மொழியும் இன்றுவரை அந்தப் பாம்பை விட்டுவிடவில்லை. கிரகணம் என்னும் வடசொல்லுக்கே பற்றுதல் என்பதுதான் பொருள். தமிழர் பேச்சில் கிரகணம் 'பிடிக்கிறது', பின்னர் 'விடுகிறது'. பாடநூல்கள் சூரிய மறைப்பு என்று எழுதினாலும், பள்ளி ஆசிரியரே வீட்டில் 'எத்தனை மணிக்குப் பிடிக்கிறது?' என்றுதான் கேட்பார். இதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. சூரியன் உதிக்கிறது என்று சொல்பவர் பூமி சுற்றுவதை மறுப்பவர் அல்லர். சொல் பழையதாக இருப்பது தீங்கில்லை. அச்சொல்லை நம்பி ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் கதவடைத்த அறையில் பட்டினி போடுவதுதான் தீங்கு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவே இவ்வுரையின் பொருள்.

கிரகணத்தின் காரணம் அறியப்படாத மறைபொருளாக இருந்ததில்லை. கி.பி. 499இல் ஆரியபடர் தம் நூலில் நிலவு சூரியனை மறைப்பதே சூரிய கிரகணம் என்றும், பூமியின் நிழல் நிலவை மறைப்பதே சந்திர கிரகணம் என்றும் தெளிவாகக் கூறிவிட்டார். நிலவின் பாதை சூரியனின் தோற்றப் பாதைக்கு ஏறத்தாழ ஐந்து பாகை சாய்ந்திருப்பதால் எல்லா அமாவாசையிலும் கிரகணம் நேர்வதில்லை. இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளுக்கு அருகே அமாவாசை நிகழும்போது மட்டுமே நேர்கிறது. அந்த வெட்டுப் புள்ளிகளுக்குக் கணிதர் இட்ட பெயர்கள்தாம் ராகு, கேது. பஞ்சாங்கம் கணித்தவருக்கு ராகு என்பது நச்சுப் பல் உடைய பாம்பு அன்று. கணக்கில் வரும் ஓர் இடம். கணித்தவர் புள்ளியை அறிந்திருந்தார், கேட்டவர் பாம்பை அறிந்திருந்தார். இருவரும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு பல நூற்றாண்டுகள் சச்சரவின்றி வாழ்ந்தனர்.

அக்கணிதரின் திறமைக்கு வியத்தகு சான்று ஒன்று புதுச்சேரியில் கிடைத்தது. சென்னை வானாய்வுக் கூடத்தின் பொறுப்பை ஒருகாலத்தில் வகித்த ஜான் வாரன் என்பவர், 1825இல் வெளிவந்த தம் 'கால சங்கலித'த்தில், புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதியுள்ளார். அக்கணிதர் தாளும் எழுதுகோலும் தொடவில்லை. தரையில் சோழிகளைப் பரப்பி, எண்களைக் குறிக்கும் சொற்கோவைகளாக மனப்பாடம் செய்துவைத்திருந்த வாய்பாடுகளைச் சொல்லிச் சொல்லி, 1825ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை. தொலைநோக்கியைக் கண்ணால் கண்டிராத ஒருவர் சோழிகளைக் கொண்டு வானத்தை இந்த அளவு நெருங்கினார். பின்னாளில் கணித வரலாற்றறிஞர் நியுகேபவர் 1952இல் தமிழர் வானியல் பற்றி எழுதிய கட்டுரை, இக்கணக்கு முறையின் தொன்மையை உலக அறிஞர்க்கு எடுத்துக்காட்டியது.

எனினும் இதில் பெருமை பேசி நின்றுவிடுவது நேர்மையாகாது. 52 நிமிடப் பிழை பிழைதான். அந்தப் பிழையைத் திருத்த வேண்டும் என்று எண்ணிய தமிழர் ஒருவரும் இருந்தார் என்பதுதான் கூடுதல் பெருமை. சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வுக் கூடம் 1792இல் எழுந்தது. அதில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி பஞ்சாங்கக் கணிதர் மரபில் வந்தவர். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1868ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தை, இன்றைய தெலங்கானாவில் உள்ள வனபர்த்தியிலிருந்து கண்டு பதிவு செய்தார். 1871 டிசம்பர் 12ஆம் நாள் கிரகணத்தின்போது அவிநாசியில் முகாமிட்ட குழுவில் இருந்தார். பார்த்த வானத்தோடு ஒத்துப்போகும் பஞ்சாங்கம் வேண்டும் என்று வற்புறுத்தி, அத்தகைய பஞ்சாங்கத்தைத் தாமே வெளியிட்டார். 1874இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதை மக்களுக்கு விளக்கும் சிறுநூலை ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் கொணர்ந்தார். மரபை விட்டு வெளியேறாமலே மரபின் கணக்கைத் திருத்த முயன்ற இம்மனிதரின் பெயர் தமிழ்ப் பாடநூல்களில் இடம்பெறாதது வருந்தத்தக்கது.

அந்த 1868ஆம் ஆண்டுக் கிரகணத்தின் சிறப்பை ஒரு சொல்லால் கூறிவிடலாம்: ஹீலியம். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் பிரெஞ்சு வானியலார் ஜான்சன் நிறமாலைக் கருவியுடன் காத்திருந்தார். சூரிய விளிம்பில் எழுந்த தீப்பிழம்புகளின் ஒளிக்கோடுகளைக் கண்டவர், அவை கிரகணம் இல்லாத நாளிலும் காணத்தக்க அளவு பொலிவுடையவை என உணர்ந்து மறுநாளே அவ்வாறு கண்டார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வுக் கூடத்தின் போக்சன் இருந்தார். அவ்வொளியில் இருந்த மஞ்சள் கோடு பூமியில் அறியப்பட்ட எந்தத் தனிமத்திற்கும் உரியதன்று என்பது பின்னர்த் தெளிவாகிச் சூரியனின் கிரேக்கப் பெயரால் அது ஹீலியம் எனப்பட்டது. பூமியில் அதனைப் பிரித்தெடுக்க 1895 வரை ராம்சே காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு கிரகணம் சில நிமிடங்களில் கொடுத்துவிட்டுப் போனதைக் கண்டெடுக்க இருபத்தேழு ஆண்டுகள் ஆயின.

மூன்றாண்டு கழித்து 1871இல் நிகழ்ந்த கிரகணத்தைக் காண லாக்கியர் என்னும் ஆங்கில வானியலார் மேற்குக் கடற்கரையில் பேக்கல் கோட்டைக்கு வந்தார். கருவிகள் வானை நோக்கித் திரும்பியிருந்த வேளையில், பாம்பை விரட்ட ஊரார் சிலர் புதர்களுக்குத் தீ மூட்டத் தொடங்கினர். புகை எழுந்தால் ஆய்வு அத்துடன் முடிந்திருக்கும். காவலர் தடுத்ததால் தப்பியது. இந்நிகழ்ச்சியை எழுதிய மேனாட்டார் நகைப்புடன் எழுதினர். அது முறையன்று. இரு சாராரும் அதே சூரியனுக்காகவே அங்கே கூடியிருந்தனர். ஒருவர் அதனை அறிய வந்தார். மற்றவர் அதனைக் காப்பாற்ற வந்தார். சூரியனுக்கு ஆபத்து என்று எண்ணிய மக்கள் ஓடி ஒளியாமல், தீயும் ஒலியும் கொண்டு உதவிக்கு எழுந்தனர் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஏனெனில், அதன்பின் நூறாண்டு கழித்து நடந்தது அதற்கு நேர்மாறானது. 1980ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள், சனிக்கிழமை பிற்பகல், கார்வார், ராய்ச்சூர், பூரி ஆகிய ஊர்களை இணைக்கும் வழியே முழுக் கிரகணம் கடந்து சென்றது. ஐதராபாத்தை அடுத்த ரங்காபூர் வானாய்வுக் கூடத்தில் அறிஞர்கள் கூடினர். பெருநகரத் தெருக்கள் வெறிச்சோடின. தூரதர்ஷன் அன்று திரைப்படம் ஒளிபரப்பியது. மக்கள் வீட்டுக்குள் இருப்பதற்கு அஃது ஒரு தூண்டில்.

மக்களை உள்ளே தள்ளியது பாம்பு மட்டும் அன்று. கிரகணத்தைப் பார்த்தால் கண் குருடாகும் என்று அறிவியலின் பெயரால் வந்த எச்சரிக்கைகளும் அதே பணியைச் செய்தன. எச்சரிக்கை பொய்யன்று. சூரியனை வெறுங்கண்ணால் உற்று நோக்கினால் விழித்திரை புண்படும். விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லாததால் தீங்கு நேர்வது அப்போது தெரியாது, சில மணி நேரம் கழித்தே பார்வையின் நடுவில் கறை தோன்றும். ஆனால் இது கிரகணத்தன்று மட்டும் உள்ள ஆபத்து அன்று. ஆண்டு முழுவதும் உள்ளது. மற்ற நாள்களில் கூச்சம் கண்ணை விலக்கிவிடுகிறது. கிரகணத்தன்று ஒளி குறைவதாலும் ஆவல் மிகுவதாலும் கண் விலகுவதில்லை. அவ்வளவே வேறுபாடு. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும். சொல்லப்படாததால், கிரகணத்தன்று சூரியனிலிருந்து தனியே ஏதோ நச்சுக் கதிர் கிளம்புகிறது என்று படித்தவரும் நம்பத் தொடங்கினர். பாட்டி ராகு என்றாள். பேரன் கதிர் என்றான். இருவர் வீட்டிலும் சன்னல்கள் அடைபட்டன. அச்சத்திற்குப் புதுப்பெயர் சூட்டுவதை அறிவு வளர்ச்சி என்று கொள்வதற்கில்லை.

இவ்வகை விளக்கங்கள் இன்று பெருகிவிட்டன. கிரகண வேளையில் உண்ணலாகாது என்பதற்குப் புற ஊதாக் கதிர் உணவைக் கெடுக்கும் என்று காரணம் கூறுவோர் உளர். நிலவு குறுக்கே வரும்போது சூரிய ஒளி குறைகிறதே அன்றிப் புதிதாக எதுவும் சேர்வதில்லை. மறைந்த பகுதியிலிருந்து வராத கதிர் எவ்வாறு உணவைக் கெடுக்கும்? ஊறுகாய்ச் சாடியில் தர்ப்பைப் புல்லை இட்டு வைப்பதால்தான் ஊறுகாய் கெடவில்லை என்பாரும் உளர். உப்பும் புளிப்பும் எண்ணெயும் அதனை ஆண்டு முழுவதும் காத்து வருவதை அவர் மறந்துவிடுகிறார். வழக்கத்தை வழக்கமாகக் கடைப்பிடிக்கும் பாட்டியிடம் வாதிட வேண்டியதில்லை. அதற்கு அறிவியல் முலாம் பூசுபவரிடந்தான் வாதிட வேண்டியிருக்கிறது.

1995ஆம் ஆண்டில் இருவேறு நிகழ்ச்சிகள் ஒரு மாத இடைவெளியில் நேர்ந்தன. செப்டம்பர் 21ஆம் நாள் பிள்ளையார் பால் குடிக்கிறார் என்னும் செய்தி நாடெங்கும் ஒரே நாளில் பரவியது. கையில் பால் கிண்ணத்துடன் கோயில்களில் நீண்ட வரிசை நின்றது. அரசின் அறிவியல் துறையினர் பாலில் நிறம் கலந்து ஊட்டிக் காட்டினர். கரண்டியிலிருந்து பரப்பு இழுவிசையால் ஏறிய பால் சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்தோடுவது நிறத்தால் வெளிப்பட்டது. அக்டோபர் 24ஆம் நாள், தீபாவளிக்கு மறுநாள் காலை, முழுச் சூரிய கிரகணம் இராசத்தானத்தின் நீம் கா தானா முதல் வங்கத்தின் டயமண்டு ஹார்பர் வரை கடந்து சென்றது. இம்முறை தொலைக்காட்சி திரைப்படத்தைக் காட்டவில்லை. கிரகணத்தையே நேரடியாகக் காட்டியது. பதினைந்தாண்டு இடைவெளியில் நேர்ந்த இம்மாற்றம் சிறிதன்று. கதவை அடைத்துக்கொண்ட வீட்டிற்குள்ளும் கறுத்த சூரியன் பெட்டி வழியாக நுழைந்துவிட்டது. பிள்ளையாருக்குப் பால் ஊட்டிய கையும், தொலைக்காட்சி முன் வியந்த கண்ணும் பல வீடுகளில் ஒருவருக்கே உரியவை. இதில் முரண்பாடு காண்பவர் மக்களை அறியாதவர்.

தமிழ்நாட்டிற்கே உரிய காட்சி ஒன்று உண்டு. அதுதான் உலக்கை. தாம்பாளத்தில் நீர் ஊற்றி, அதன் நடுவே உலக்கையைச் செங்குத்தாக நிறுத்துவர். கிரகணம் பிடித்திருக்கும் வரை உலக்கை நிற்கும். விட்டதும் சாய்ந்துவிடும் என்பது நம்பிக்கை. கடிகாரம் இல்லாத காலத்தில் கிரகணம் தொடங்கியதையும் முடிந்ததையும் அறிய முன்னோர் கண்ட வழி இது என்றும் சொல்வதுண்டு. 2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை, உதகை, கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியே வளையக் கிரகணம் சென்றபோது, பல ஊர்களில் வீட்டு வாசல்களிலும் தெரு நடுவிலும் உலக்கைகள் நிமிர்ந்து நின்றன. அலைபேசிகளில் அவற்றின் படங்கள் பறந்தன.

உலக்கை நின்றது உண்மை. அதை மறுப்பவர் தோற்றுப்போவார். அடியில் இரும்புப் பூண் இறுக்கித் தட்டையாக்கப்பட்ட, கனமும் நேர்மையும் உடைய மரத்துண்டு அது. அதன் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே இறங்கும் நேர்கோடு அடிப்பரப்பிற்குள் விழும் வரை உலக்கை நிற்கத்தான் செய்யும். அமாவாசையிலும் நிற்கும், பௌர்ணமியிலும் நிற்கும், சாதாரணச் செவ்வாய்க்கிழமையிலும் நிற்கும். அதை நிறுத்தப் பொறுமையும் நடுங்காத கையும் வேண்டும்; மற்ற நாள்களில் அவ்வளவு பொறுமை எவருக்கும் இல்லை. கிரகணம் விட்டதும் எப்படிச் சாய்கிறது? பெரும்பாலும் எவரேனும் அதை எடுத்துவிடுகின்றனர். எடுக்காத வீட்டில் அது நின்றுகொண்டேதான் இருக்கும்.

ஆயினும் உலக்கை நிறுத்தும் பெண்களை எள்ளி நகையாடும் கட்டுரைகள் ஒன்றைக் காணத் தவறிவிடுகின்றன. அப்பெண்கள் செய்தது ஒரு சோதனை. 'கிரகணத்தில் உலக்கை நிற்கும்' என்று கேள்விப்பட்டதை அப்படியே ஏற்காமல், தாம்பாளமும் உலக்கையும் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தனர். பார்த்ததைப் பக்கத்து வீட்டாருக்குக் காட்டினர். குறைபட்டது ஒன்றே ஒன்றுதான்: மறுநாள் காலை அதே உலக்கையை அதே தாம்பாளத்தில் நிறுத்திப் பார்க்கவில்லை. அந்த மறுநாள் காலையில்தான் குண்டூரில் ஜான்சன் தம் கருவியைச் சூரியன் பக்கம் திருப்பினார். கிரகணம் இல்லாத நாளிலும் இது தெரிகிறதா என்று கேட்டார். கேள்வி ஒன்றே, அவர் கேட்டார், உலக்கைக்காரர் கேட்கவில்லை. அறிவியல் பரப்புவோர் உலக்கைக்கு எதிராக மேடையில் முழங்குவதைக் காட்டிலும், கிரகணத்திற்கு மறுநாள் வீடு வீடாகச் சென்று 'அம்மா, அந்த உலக்கையை இன்றைக்கு ஒருமுறை நிறுத்துங்கள்' என்று கேட்டிருந்தால் பயன் மிகுந்திருக்கும்.

உலக்கை எவரையும் வருத்துவதில்லை. அதனால் அதனைச் சிரித்து விட்டுவிடலாம். சிரித்து விடமுடியாதது ஒன்று உண்டு.

பிளந்த மேலுதட்டுடன் பிறக்கும் குழந்தையைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் 'கிரகண மூளி' என்று அழைக்கும் வழக்கம் இருந்தது. இன்னும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. கருவுற்றிருந்தபோது தாய் கிரகணத்தைப் பார்த்துவிட்டாள், அல்லது அவ்வேளையில் அரிவாள்மணையில் காய் நறுக்கிவிட்டாள், அதனால் குழந்தையின் உதடு வெட்டுண்டது என்பது அச்சொல்லுக்குள் இருக்கும் குற்றச்சாட்டு. ஒற்றைச் சொல் ஒரு வழக்கையும் தீர்ப்பையும் சுமந்து நிற்கிறது. குழந்தை சிரிக்கும் ஒவ்வொரு முறையும் தாய்க்கு அத்தீர்ப்பு மீண்டும் படித்துக் காட்டப்படுகிறது.

உண்மை யாது? கருவில் மேலுதட்டின் இருபகுதிகளும் ஏறத்தாழ ஏழாவது வாரத்திற்குள் ஒன்றுசேர்ந்துவிடும். அண்ணம் பன்னிரண்டாம் வாரத்திற்குள் சேர்ந்துவிடும். சேராமல் போவதற்கு மரபணுக் காரணங்கள் உண்டு; தாயின் உணவில் ஃபோலிக் அமிலக் குறைவு, சில மருந்துகள், புகை முதலியனவும் காரணமாகலாம். பெண் ஒருத்தி தான் கருவுற்றிருப்பதை உறுதியாக அறிந்து, உறவினர் அவளைக் காக்கத் தொடங்கும் வேளையில், உதடு சேர்ந்ததோ சேராததோ பெரும்பாலும் முடிந்துபோன செய்தியாகிவிடுகிறது. எட்டாம் மாதத்தில் வரும் கிரகணம் எதை வெட்டும்? மேலும், உலக அளவில் ஏறத்தாழ 700 குழந்தைகளுக்கு ஒரு குழந்தை இவ்வகைப் பிளவுடன் பிறக்கிறது. கிரகணமே தென்படாத ஆண்டுகளிலும் பிறக்கிறது. கர்ப்பிணியை அறையில் பூட்டிய வீடுகளிலும் பிறக்கிறது. அறுவை மருத்துவம் அதனைச் செம்மையாகச் சரிசெய்துவிடும். சொல் ஏற்படுத்திய புண்ணுக்குத்தான் அறுவை மருத்துவம் இல்லை.

இவ்விடத்தில் தமிழ் அறிந்தோர்க்கு ஒரு பொறுப்பு உண்டு. அறிவியல் கட்டுரை படிக்காதவரும் சொற்களைப் பயன்படுத்துகின்றனர். 'உதட்டுப் பிளவு' என்பது எவரையும் குற்றம் சாட்டாத சொல். மருத்துவமனைச் சுவரில் இருக்கும் அச்சொல், கதைகளிலும் நாடகங்களிலும் இடம்பெற்று வீட்டுப் பேச்சிற்குள் வரவேண்டும். பழைய சொற்களைத் தொகுத்துப் பாதுகாக்கும் ஆர்வம் பாராட்டத்தக்கது. 'கிரகண மூளி' அகராதியில் இருக்கட்டும், திண்ணைக்கு வரவேண்டாம்.

கர்ப்பிணியின் பட்டினியும் இவ்வாறே. கிரகணம் தொடங்குவதற்குப் பல மணி நேரம் முன்பே உணவை நிறுத்தி, முடிந்து குளித்த பின்னரே உண்ணவேண்டும் என்னும் வழக்கம், மற்றவர்க்கு ஒருநாள் நோன்பு. ஏழாம் மாதத்தில் நீரும் இன்றி அசையாமல் படுத்திருக்கும் பெண்ணுக்கு அது மயக்கம். பகுத்தறிவு அமைப்புகள் கிரகண வேளையில் பொதுவிடத்தில் உணவு பரிமாறி உண்டு காட்டுவதை வழக்கமாகக் கொண்டுள்ளன. துணிவான செயல். ஆனால் மேடையில் உண்பவர் ஆடவராகவும் அறையில் பட்டினி கிடப்பவள் பெண்ணாகவும் இருக்கும் வரை, மேடைச் சோறு அறைக்குள் செல்வதில்லை. மாமியார் மதிக்கும் ஊர்ச் செவிலியர் ஒருவர் முதல்நாள் மாலை வந்து 'பசித்தால் சாப்பிடட்டும், தண்ணீர் தவறாமல் கொடுங்கள்' என்று சொல்லிப்போவது இதைவிட வலிமையுடையது.

அச்சத்திற்கும் மறுப்பிற்கும் இடையே மறந்துபோனது, பார்ப்பது. 2010ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் நிகழ்ந்த வளையக் கிரகணம் இந்த ஆயிரமாண்டின் மிக நீண்ட வளையக் கிரகணம். கன்னியாகுமரி, இராமேசுவரம், தனுஷ்கோடி, யாழ்ப்பாணம் ஆகிய பகுதிகளில் அது தென்பட்டது. தனுஷ்கோடியில் பத்து நிமிடத்திற்கும் மேலாக வளையம் நின்றது. அன்று மாட்டுப் பொங்கல். தை அமாவாசையும் கூட. இராமேசுவரத்தில் மூதாதையர்க்கு நீர்க்கடன் ஆற்ற வந்தவரும், கிரகணம் காண வடிகட்டிக் கண்ணாடியுடன் வந்த மாணவரும் ஒரே கடற்கரையில் நின்றனர். ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றனரே அன்றி எதிர்த்துக்கொண்டு நின்றாரில்லை. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் பிற அமைப்புகளும் ஊர் ஊராகக் கண்ணாடிகளைக் கொண்டு சென்றதன் பயன் அப்போது கண்ணுக்குத் தெரிந்தது. 2019இல் இன்னும் பரவலாகத் தெரிந்தது. அரையாண்டு விடுமுறையில் இருந்த சிறுவர்கள் திடல்களில் வரிசையில் நின்று, ஒருவர் பார்த்த கண்ணாடியை அடுத்தவர் பிடுங்கிப் பார்த்தனர்.

அந்தக் கிரகணம் முடிந்த சில வாரங்களில் உலகெங்கும் கொரோனா நோய் பரவியது. உடனே, அக்கிரகணமே நோயைக் கொணர்ந்தது என்றும், 2020 ஜூன் 21இல் வரவிருந்த கிரகணம் அதனைக் கொண்டுபோகும் என்றும் பேச்சு எழுந்தது. ஜூன் 21 வந்து போயிற்று, நோய் போகவில்லை. அலர் என்று வள்ளுவர் சொன்னது இதைத்தான் போலும்.

கிரகணத்தைப் பார்க்கும் வழி எளிது. தரச் சான்று பெற்ற சூரிய வடிகட்டிக் கண்ணாடி போதும். 14ஆம் எண்ணுடைய பற்றவைப்போர் கண்ணாடியும் உதவும். எக்ஸ்ரே படச்சுருள், புகை படிந்த கண்ணாடி, மஞ்சள் நீர்த் தாம்பாளத்தில் தெரியும் எதிரொளி ஆகியவை நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தாலும் கண்ணுக்குப் பாதுகாப்பற்றவை. இவை எவையும் இல்லாதவர்க்கும் ஒரு வழி உண்டு. அது மிக அழகிய வழி. வானத்தைப் பார்க்கவே வேண்டாம், தரையைப் பார்த்தால் போதும். மரத்தின் இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கருவியாகிச் சூரியனின் உருவத்தை நிலத்தில் வீழ்த்தும். மற்ற நாள்களில் அவ்வுருவம் வட்டமாக இருப்பதால் எவரும் கவனிப்பதில்லை. கிரகணம் வளரும்போது வட்டங்கள் பிறைகளாகும். வளையம் தோன்றும்போது நூற்றுக்கணக்கான வளையல்களை நிலத்தில் கொட்டினாற்போல் இருக்கும். கூரையின் ஓட்டை வழியாக வீட்டிற்குள் விழும் ஒளிக்கும் இது பொருந்தும். கதவடைத்து உள்ளே இருத்தப்பட்ட பெண்ணின் பாயருகிலும் கூரை இடுக்கு வழியே ஒரு சிறு பிறை விழுந்திருக்கும். எத்தனையோ தலைமுறைப் பெண்கள் அதைப் பார்த்திருக்கவும் கூடும். எழுதிவைக்க எவரும் கேட்கவில்லை.

அடுத்து, 2031ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், புதன்கிழமை, ஒரு வளையக் கிரகணம் கேரளத்தின் வழியே நுழைந்து தேனி, மதுரை, காரைக்குடி, வேதாரணியம் எனத் தமிழ்நாட்டைக் கடந்து செல்லவிருக்கிறது. கோடை விடுமுறைக் காலம், கத்திரி வெயில். வளையம் தோன்றுவது நண்பகலை ஒட்டி, வீடுகளில் இலை போடும் நேரம். சூரியன் ஏறத்தாழ உச்சியில் நிற்பதால், வேப்பமரத்தடியில் நிற்பவரின் காலடியிலேயே அந்த வளையல்கள் விழும்.